லோட் ஒன்பதுக்கு எதிரே

காலை ஐந்தரைக்குக் குடையை விரிப்பேன்,
புக்கிட் கெரானி தொழிற்பேட்டை வாசலில்,
கம்பெனி பஸ் திரும்பும் வளைவில்.
இடது பக்கம் ரொட்டி சானாய் ஹமிடா.
வலது பக்கம் தே தாரிக் போடும் அவள் புருஷன்.
கொஞ்சம் தள்ளி சிம் கார்டு விற்கும் ஆ செங்.

எல்லாரும் ஏன் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு என்று
காலேஜில் படிக்கும் என் தங்கை மகள் கேட்டாள்.
அரை மைல் தள்ளி நின்று பார்,
ஈகூட வராது என்றேன்.
என்னிடம் பசியோடு வந்தவன்
அவளிடம் தாகத்தோடு போவான்.

உள்ளேயும் அதே கதைதான்.
லோட் ஒன்பதில் சலவை இயந்திரத்துக்குப் பம்ப்.
லோட் பத்தில் அந்தப் பம்ப்புக்கு அட்டைப்பெட்டி.
பதினொன்றில் அச்சு வார்க்கிறார்கள்.
பெட்டி வேலி தாண்ட லோரி வேண்டாம்,
போர்க்லிப்ட் போதும்.
ஒரே மின்கம்பி, ஒரே தார்ச்சாலை,
ஒரே கழிவுநீர்த் தொட்டி:
இருபத்து மூன்று கம்பெனியும்
லயத்து வீடுகள் மாதிரி
சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு.
ஒருத்தர் இருமினால்
அடுத்த வீட்டில் விளக்கு எரியும்.

நாடு எப்படி இருக்கிறது என்பதை
நாசி லெமாக் பொட்டலம் எண்ணித்தான் தெரிந்துகொள்வேன்.
நூற்றெண்பது போனால்
எங்கோ தூரதேசத்தில் நிறையத் துணி துவைக்கிறார்கள்.
நூற்றிருபது என்றால்
ஏதோ துறைமுகத்தில் கப்பல் சும்மா நிற்கிறது.
வானொலி சொல்வதற்கு மூன்று வாரம் முந்தி
என் கூடை சொல்லிவிடும்.
ஓ.டி. நின்றால் முதலில் போவது முட்டை.
வெறும் சம்பல் போதும் அக்கா என்பார்கள்,
முகத்தைப் பார்க்காமல்.

பிப்ரவரி முழுக்க வெறும் சம்பல்.
மார்ச்சில் லோட் ஒன்பதுக்கு இரவு ஷிப்ட் இல்லை.
ஏப்ரலில் லோட் பத்தில் நாற்பது பேருக்குக் கடிதம்.

கடைசி நாள் கோகிலவாணி வந்தாள்.
பதினான்கு வருஷம் லைன் லீடர்;
அடையாள அட்டை இன்னும் கழுத்தில்.
பாக்கி பதினெட்டு வெள்ளியை எண்ணி வைத்தாள்.
"வியட்நாமுக்குப் போகுதாம்க்கா. மெஷின் மட்டும்."

மூன்று லோரி, ஒரு கிரேன்.
நானே பார்த்தேன்.
மனுஷரை அனுப்ப ஒரு காகிதம் போதுமாயிருந்தது.

இந்த மண்ணில் முன்னால் செம்பனை,
அதற்கும் முன்னால் பால்மரம்.
பெருமூச்சு விட ஒன்றுமில்லை,
அப்போதும் விலையை
வேறு யாரோ, வேறு ஊரில்தான் சொன்னார்கள்.

நகராண்மைக் கழகத்துப் பையன் ஒருநாள்
வரைபடத்தை விரித்துக் காட்டினான்.
ஊதா தொழிற்சாலை. மஞ்சள் தொழிலாளர் விடுதி.
பச்சை, வெறுமனே பச்சை.
நான் நிற்கும் இடத்துக்கு நிறமே இல்லை.
"அக்கா இதிலே இல்லியே" என்றான்,
நான் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தபடி.
முட்டையோடு.

நேற்று லோட் ஒன்பதின் கேட் திறந்திருந்தது.
அளவு நாடாவோடு இரண்டு புது ஆட்கள்.
ஒருவர் தன் கைப்பேசியிடம் ஏதோ சொல்ல,
கைப்பேசி என்னிடம் மலாயில் கேட்டது:
காரமில்லாமல் கிடைக்குமா?

ஜாகா தனபாலனுக்கு எல்லாம் தெரியும்.
பேட்டரியாம். இல்லை, சோலார் தகடாம்.
முந்நூறு பேர் எடுப்பார்களாம்.
இல்லை, எழுபதாம்;
மீதி ரோபோவாம்.
ரோபோவுக்குப் பத்து மணி இடைவேளை கிடையாது.

கோகிலவாணிக்கு அடித்தேன்.
மணி போனது. எடுக்கவில்லை.

இப்போது இரவு பத்தரை.
தேங்காய் துருவியாயிற்று.
நெத்திலி பொரித்தாயிற்று.
காலிப் பால்டின்னைப் பிடித்துக்கொண்டு
அரிசி மூட்டை முன்னால் நிற்கிறேன்.
முப்பது டின்னா, நாற்பதா?

நாடு என்ன செய்யப்போகிறது என்று
யாராவது எனக்கு
விடிகாலை மூன்றுக்குள் சொன்னால் தேவலை.